வாசகர் கேள்வி பதில்: அமெரிக்கால எலெக்ஷனை நடத்துறது யாரு?

அமெரிக்க எலெக்ஷன் சட்டம் பத்தி மட்டும் இந்த தடவை கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். ட்ரம்ப் நல்லவரா கெட்டவரான்னு கேட்ட கடிதங்களை எடுத்துக்கலை, ஓட்டு எப்படி நடக்குது, விதியை யாரு மாத்தறாங்கன்னு கேட்டதுக்கு மட்டும் பதில் எழுதியிருக்கேன்.

திருநெல்வேலி வாசகர்: சார், நம்ம ஊர்ல எலெக்ஷன் கமிஷன் தேதி சொல்லுது, எண்ணுறதும் ஒரே நாள்ல முடிஞ்சிடுது. கலிஃபோர்னியா ரிசல்ட் வாரக்கணக்கா இழுக்குதே, அங்க எலெக்ஷன் கமிஷனே கிடையாதா?

பேரளவுல ஒண்ணு இருக்கு சார், ஃபெடரல் (அதாவது மத்திய) எலெக்ஷன் கமிஷன்னு, ஆனா அது பாக்கறது கட்சிக்கும் வேட்பாளருக்கும் வர்ற பணத்தை மட்டும்தான், ஓட்டு எண்ணிக்கை பக்கம் அதுக்கு வேலையே கிடையாது. இன்னொண்ணு 2002 சட்டத்துல வந்த எலெக்ஷன் அசிஸ்டன்ஸ் கமிஷன், அது மெஷினுக்கு தரம் என்னன்னு எழுதும், மாநிலங்களுக்கு ஃபண்ட் பிரிச்சு குடுக்கும், யாருக்கும் பெருசா உத்தரவு போட முடியாது. நிஜமா எலெக்ஷன் நடத்துறது கவுன்ட்டி (நம்ம மாவட்டம் மாதிரி) ஆபீஸ்தான், சில மாநிலத்துல அதுக்கும் கீழ டவுன் ஆபீஸ்ல உக்காந்திருக்கற கிளார்க். விஸ்கான்சின்ல மட்டும் இப்படி 1,800க்கு மேல கிளார்க்குங்க இருக்காங்க, நாடு முழுக்க சேர்த்தா எலெக்ஷன் நடத்துற உள்ளூர் அமைப்புங்க சுமார் 10,000. பல இடத்துல அந்த அதிகாரியே கட்சி சார்புல நின்னு ஜெயிச்சு வந்தவரா இருப்பார்.

இதுக்கு அடிப்படை அரசியல் சட்டத்தோட முதல் பிரிவு, நாலாவது உட்பிரிவு. காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கான எலெக்ஷன் எப்ப, எங்க, எப்படி நடக்கணும்னு மாநில சட்டசபை முடிவு பண்ணும், காங்கிரஸ் நினைச்சா அதை மாத்தி சட்டம் போடலாம், அவ்வளவுதான் அதுல இருக்கு. இந்த வரியை மனசுல வெச்சுக்குங்க, கீழ வர்ற முக்கால்வாசி கேள்விக்கு பதில் இங்கதான் ஆரம்பிக்குது.

லேட் ஆகறதுக்கும் காரணம் சட்டம்தான். கலிஃபோர்னியால ஓட்டர் லிஸ்ட்ல இருக்கற எல்லாருக்கும் தபால் ஓட்டு வீட்டுக்கே வரும், எலெக்ஷன் நாளுக்குள்ள போஸ்ட் பண்ணின முத்திரை இருந்தா அப்புறம் 7 நாள் வரைக்கும் வந்து சேரலாம், ஒவ்வொரு கவர்லயும் இருக்கற கையெழுத்தை ரெக்கார்டுல இருக்கற கையெழுத்தோட ஒப்பிடணும், பொருந்தலைன்னா அந்த ஓட்டருக்கு தகவல் சொல்லி சரி பண்ண அவகாசம் குடுக்கணும், இதெல்லாம் ஒரு ராத்திரில முடியற வேலை இல்ல. பென்சில்வேனியால பிரச்சனை வேற, தபால் கவரை எலெக்ஷன் நாள் காலைல 7 மணிக்கு முன்னாடி பிரிக்கவே கூடாது, கட்டுக்கட்டா கவர் வந்து குவிஞ்சு கிடந்தாலும் அப்படியே வெச்சிருக்கணும். ஃப்ளோரிடால முன்னாடியே பிரிச்சு சரிபார்த்து வெச்சுக்கலாம், அதனால அங்க ராத்திரியே ரிசல்ட் வந்துடுது. ஒரே நாடு, ஒரே நாள் எலெக்ஷன், ஆனா கவரை என்னிக்கு பிரிக்கலாங்கற ஒரு விதியால ஒரு மாநிலத்து மேல சந்தேகம் வருது, இன்னொரு மாநிலத்துக்கு நல்ல பேர் கிடைக்குது. பென்சில்வேனியா கிளார்க்குங்க இதை மாத்துங்கன்னு பல வருஷமா கெஞ்சிக்கிட்டு இருக்காங்க, சட்டசபை இறங்கி வரலை. இது எனக்கு உண்மையிலேயே கோபம் வர்ற விஷயம்.

சேலம் வாசகி: ஜனாதிபதி ஒரு கையெழுத்து போட்டு எலெக்ஷன் விதியை மாத்திட முடியுமா?

முயற்சி நடந்தது அம்மா. 2025 மார்ச் 25ல ட்ரம்ப் ஒரு எக்சிக்யூடிவ் ஆர்டர் (ஜனாதிபதி தானே போடற உத்தரவு) போட்டார், ஓட்டர் பதிவுக்கான ஃபெடரல் ஃபாரம்ல குடியுரிமைக்கு டாக்குமென்ட் கேக்கணும், எலெக்ஷன் நாளுக்கு அப்புறம் வந்து சேர்ற தபால் ஓட்டை எண்ணக் கூடாது, எண்ணுற மாநிலத்துக்கு ஃபண்ட் நிறுத்தலாம், இப்படியெல்லாம் அதுல இருந்தது. ஒரு மாசத்துக்குள்ள வாஷிங்டன் ஃபெடரல் ஜட்ஜ் கொலீன் கொலார் கொடெலி குடியுரிமை பகுதியை நிறுத்தி வெச்சாங்க, அக்டோபர் 31ல நிரந்தரமாவே தடை போட்டாங்க. மாசசூசெட்ஸ்ல மாநிலங்கள் போட்ட கேஸ்லயும் ஜூன்ல தடை வந்தது. ரெண்டு இடத்துலயும் அடிப்படை காரணம் ஒண்ணுதான், எலெக்ஷன் விதி போடுற அதிகாரத்தை அரசியல் சட்டம் மாநிலத்துக்கும் காங்கிரஸுக்கும் குடுத்திருக்கு, ஜனாதிபதிக்கு குடுக்கலை. மேல சொன்ன அதே வரி.

கோயம்புத்தூர் வாசகர்: குடிமகன்தான் ஓட்டு போடணும், சரி. அதுக்கு ஒரு ப்ரூஃப் காட்டச் சொன்னா என்ன தப்பு? ஏன் இவ்வளவு எதிர்ப்பு?

நிறைய பேர் இதையே கேட்டிருக்காங்க, நியாயமான கேள்வியும் கூட, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன். ஃபெடரல் எலெக்ஷன்ல குடிமகன் இல்லாதவர் ஓட்டு போடறது இப்பவே குற்றம், 1996லயே சட்டம் வந்தாச்சு, ஜெயிலும் உண்டு, நாடு கடத்தலும் உண்டு. பதிவு பண்ணும்போது நான் குடிமகன்னு உறுதிமொழி எழுதி கையெழுத்து போடணும், பொய் சொன்னா மாட்டுவாங்க. இதுக்கு மேல பாஸ்போர்ட் இல்ல பிறப்பு சான்றிதழ் மாதிரி டாக்குமென்ட் காட்டினாதான் பதிவுன்னு சொல்றதுதான் சேவ் ஆக்ட். 2025 ஏப்ரல் 10ல பிரதிநிதிகள் சபைல 220க்கு 208ன்னு பாஸ் ஆச்சு, ஆனா செனட்ல விவாதத்தை முடிச்சு ஓட்டெடுப்புக்கு போகவே 60 பேர் வேணும், அங்க அது தாண்டலை.

இது நடைமுறைல என்ன பண்ணும்னு ஊகிக்க வேண்டிய அவசியம் இல்ல சார், கேன்சஸ் மாநிலம் செஞ்சே பாத்துடுச்சு. அங்க கிரிஸ் கோபாக்னு ஒருத்தர் எலெக்ஷனை பாத்துக்கற மாநில செக்ரட்டரியா இருந்தப்ப 2011ல சட்டம் போட்டாங்க, 2013ல அமலுக்கு வந்தது. அடுத்த மூணு வருஷத்துல 31,000க்கும் மேல பேரோட விண்ணப்பம் டாக்குமென்ட் இல்லைன்னு நிறுத்தி வைக்கப்பட்டது இல்லன்னா ரத்தாச்சு, புதுசா பதிவு பண்ண வந்தவங்கள்ல இது கிட்டத்தட்ட 12 சதவீதம். கேஸ் கோர்ட்டுக்கு போய் 2018ல விசாரணை முடிஞ்சப்ப ஜட்ஜ் ஜூலி ராபின்சன் கண்டுபிடிச்சது என்னன்னா, அந்த 31,000 பேர்ல ரொம்பப் பெரும்பாலானவங்க அசல் அமெரிக்க குடிமக்கள், 19 வருஷத்துல கேன்சஸ் ஓட்டர் லிஸ்ட்ல உள்ள வந்த குடிமகன் அல்லாதவங்க அதிகபட்சம் 39 பேர். அந்த 39லயும் பல பேர் லைசென்ஸ் ஆபீஸ் ஊழியர் தப்பா பதிவு பண்ணினதாலயும், ஃபாரம் புரியாமலும் வந்தவங்க. கேஸ் போட்டவங்கள்ல ஒருத்தர் பொறந்தது இல்லினாய்ல மூடிப்போன ஒரு விமானப்படை தளத்துல, பிறப்பு சான்றிதழ் எங்க இருக்குன்னே தெரியாம தேடி அலைஞ்சு 2014 எலெக்ஷன்ல ஓட்டு போட முடியாம போச்சு. சட்டம் செல்லாதுன்னு தீர்ப்பு வந்தது, 2020ல அப்பீல் கோர்ட்டும் அதையே உறுதி பண்ணுச்சு, சுப்ரீம் கோர்ட் கேஸை எடுத்துக்க மறுத்துடுச்சு.

நம்ம வாசகர்களுக்கு இது வித்தியாசமா தெரியலாம், ஏன்னா அமெரிக்கால எல்லார்கிட்டயும் ஐடி இருக்கும்னு நினைக்கறோம். டிரைவிங் லைசென்ஸ் இருக்கும், ரியல் ஐடியும் (ஃபெடரல் தரத்துல மாநிலம் குடுக்கற அடையாள அட்டை) இருக்கும், ஆனா பெரும்பாலான மாநிலத்துல அதுல குடியுரிமை எழுதியிருக்காது, கிரீன் கார்டு வெச்சிருக்கறவருக்கும் அதே ரியல் ஐடிதான் குடுப்பாங்க. குடியுரிமை காட்டுற என்ஹான்ஸ்ட் லைசென்ஸ் குடுக்கற மாநிலம் மிச்சிகன், மின்னசோட்டா, நியூயார்க், வெர்மான்ட், வாஷிங்டன் மாநிலம்னு அஞ்சுதான். பாஸ்போர்ட் புதுசா எடுக்க பெரியவங்களுக்கு 165 டாலர், கிட்டத்தட்ட பாதி ஜனங்ககிட்ட அது இல்ல. அடுத்தது பிறப்பு சான்றிதழ், கல்யாணத்துக்கு அப்புறம் குடும்பப்பேர் மாத்தின பொம்பளைங்களுக்கு சான்றிதழ்ல ஒரு பேரு, லைசென்ஸ்ல ஒரு பேரு, அப்ப கல்யாண சர்ட்டிஃபிகேட்டும் தேடணும். நியூ ஹாம்ப்ஷயர்ல இந்த மாதிரி விதி 2024 நவம்பருக்கு அப்புறம் வந்தது, 2025 மார்ச்ல நடந்த டவுன் எலெக்ஷன்லயே இந்தக் காரணத்துக்காக பொம்பளைங்க வீட்டுக்கு திரும்பி போய் பேப்பர் எடுத்துட்டு வர வேண்டியதாச்சு.

அரிசோனா கதை இன்னும் சிக்கல். 2004லயே மக்கள் ஓட்டெடுப்புல ப்ரூஃப் வேணும்னு முடிவாச்சு, 2013ல சுப்ரீம் கோர்ட் 7க்கு 2ன்னு, ஃபெடரல் ஃபாரம்ல வந்தவங்ககிட்ட கூடுதலா கேக்க முடியாதுன்னு சொல்லிடுச்சு, தீர்ப்பு எழுதினவர் கன்சர்வேடிவ் பக்கத்து பெரிய பேரான ஜஸ்டிஸ் ஸ்கேலியா. அதனால இப்ப அங்க ரெண்டு வகை ஓட்டர், டாக்குமென்ட் குடுத்தவருக்கு முழு பேலட் (ஓட்டுச் சீட்டு), குடுக்காதவருக்கு ஜனாதிபதி, செனட், பிரதிநிதிகள் சபை மட்டும் இருக்கற பேலட். 2024 எலெக்ஷனுக்கு சில வாரம் முன்னாடி பார்த்தா, 1996 அக்டோபருக்கு முன்ன லைசென்ஸ் எடுத்தவங்க விஷயத்துல கம்ப்யூட்டர் தப்பு, ப்ரூஃப் குடுக்காமலே குடுத்ததா பதிவாயிருக்கு, முதல்ல 98,000 பேர்னாங்க, கடைசில அது 2,18,000 ஆச்சு. பல காலமா முழு பேலட்ல ஓட்டு போட்டுக்கிட்டு இருந்தவங்க. மாநில சுப்ரீம் கோர்ட் தலையிட்டு, ஆபீஸ் பண்ணின தப்புக்கு ஓட்டரை தண்டிக்கக் கூடாதுன்னு முழு பேலட்டே குடுக்க சொன்னாங்க, நல்ல முடிவு.

ஆக ப்ரூஃப் கேக்கறது தப்பான ஆசைன்னு நான் சொல்லலை, ஆனா அரசாங்கம் எல்லாருக்கும் இலவசமா ஒரு குடியுரிமை அட்டை குடுத்துட்டு அப்புறம் கேட்டா அது வேற விஷயம். அட்டையும் குடுக்காம, பேப்பரை நீயே தேடிட்டு வான்னு சொன்னா கேன்சஸ்ல நடந்ததுதான் நடக்கும், 39 பேரை தடுக்கப் போய் 31,000 பேர் வெளிய நிப்பாங்க. எனக்கு இது ஏத்துக்க முடியாத கணக்கு.

மதுரை வாசகர்: சென்சஸ் முடிஞ்சு அஞ்சு வருஷம்தான் ஆச்சு, டெக்சஸ்ல தொகுதி எல்லையை திடீர்னு ஏன் மாத்தினாங்க?

ட்ரம்ப் கேட்டதால. பிரதிநிதிகள் சபைல ட்ரம்ப்போட ரிபப்ளிகன் கட்சி மெஜாரிட்டி ரொம்ப மெல்லிசு, 2026 நவம்பர் 3 எலெக்ஷன்ல அது போயிடக் கூடாதுன்னு டெக்சஸ்ல இன்னும் 5 சீட் ரிபப்ளிகன் பக்கம் வர்ற மாதிரி கோடு போடச் சொன்னாங்க. 150 பேர் சட்டசபைல 100 பேர் இருந்தாதான் கூட்டம் நடக்கும், அதனால எதிர்க்கட்சியான டெமாக்ரட் உறுப்பினர்கள் பெரும்பாலானவங்க 2025 ஆகஸ்ட் ஆரம்பத்துல மாநிலத்தை விட்டே கிளம்பி இல்லினாய் மாதிரி இடத்துக்குப் போய் ரெண்டு வாரம் உக்காந்தாங்க, ஆனா கடைசில திரும்பி வந்துதான் ஆகணும், மசோதா பாஸ் ஆகி கவர்னர் கையெழுத்தும் போட்டுட்டார்.

நம்ம நாட்டுல தொகுதி மறுசீரமைப்புக்குன்னு தனி ஆணையம் போடறாங்க, அங்க பெரும்பாலான மாநிலத்துல ஆளுங்கட்சி மெஜாரிட்டி வெச்சிருக்கற சட்டசபையே கோடு போடுது. கட்சி லாபத்துக்காக கோடு போட்டா ஃபெடரல் கோர்ட் தலையிடாதுன்னு 2019ல சுப்ரீம் கோர்ட் 5க்கு 4ன்னு சொல்லிட்டாங்க. ஆனா இனத்தை வெச்சு போட்டா கேக்கலாம். முன்னாடி டெக்சஸ் மாதிரி மாநிலம் எல்லை மாத்தணும்னா வாஷிங்டன்ல முன் அனுமதி வாங்கணும், 1965 ஓட்டுரிமை சட்டத்துல அந்த விதி இருந்தது, 2013ல ஷெல்பி கவுன்ட்டி கேஸ்ல அதுவும் 5க்கு 4ன்னு செயலிழந்து போச்சு. எல் பாசோல மூணு ஜட்ஜ் பெஞ்ச் 2025 நவம்பர் 18ல, இந்த மேப் இனத்தை வெச்சு போட்டதுதான்னு 2க்கு 1 தடை குடுத்தாங்க, தீர்ப்பு எழுதினவர் ட்ரம்ப் நியமிச்ச ஜட்ஜ், இருந்தும் டிசம்பர் 4ல சுப்ரீம் கோர்ட் அந்த தடையை நிறுத்தி 2026க்கு புது மேப்பே போதும்னுடுச்சு.

பதிலுக்கு கலிஃபோர்னியா. அங்க அரசியல்வாதிங்க கோடு போடக் கூடாதுன்னு மக்களே ஓட்டு போட்டு சுதந்திர கமிஷன் வெச்சிருந்தாங்க, காங்கிரஸ் தொகுதிக்கு 2010ல இருந்து. 2025 நவம்பர் 4ல அதே மக்கள் ப்ரபோசிஷன் 50ங்கற மக்கள் ஓட்டெடுப்புல ஆதரவா கிட்டத்தட்ட 64 சதவீதம் ஓட்டு போட்டு அந்த கமிஷன் மேப்பை 2030 வரைக்கும் ஓரம் கட்டி, டெமாக்ரட்டுக்கு 5 சீட் கூட வர்ற மேப்பை கொண்டு வந்தாங்க. அந்த ஊர் ஜனங்களோட கோபம் புரியுது, டெக்சஸ் செஞ்சப்ப சும்மா இருக்க முடியுமான்னு கேக்கறாங்க, ஆனா நாட்டுக்கே முன்மாதிரியா இருந்த ஒரு கமிஷனை எடுத்து வெச்சது எனக்கு வலிக்குது. கலிஃபோர்னியா உள்நாட்டுல இருக்கற ரிபப்ளிகன் விவசாயிக்கும், ஆஸ்டின்ல இருக்கற டெமாக்ரட் மாணவருக்கும் ஒரே அநியாயம்தான் நடந்திருக்கு.

இதுல எனக்கு நம்பிக்கை குடுத்தது இண்டியானா. இதே மாதிரி புது மேப் போடச் சொல்லி வாஷிங்டன்ல இருந்து அவ்வளவு அழுத்தம், உறுப்பினர்களுக்கு மிரட்டல் கூட வந்தது, அப்படியும் 2025 டிசம்பர் 11ல அந்த மாநில செனட் 31க்கு 19ன்னு வேண்டாம்னுடுச்சு, எதிர்த்து ஓட்டு போட்டவங்கள்ல 21 பேர் ரிபப்ளிகன். இந்த செய்தி தமிழ்ல சரியா வரவே இல்ல, வந்திருக்கணும்.

புதுச்சேரி வாசகர்: அங்க இன்னும் பேப்பர் ஓட்டா?

ஆமா, பெரும்பாலும் கையால வட்டத்தை நிரப்பற பேப்பர்தான், ஸ்கேனர் எண்ணும், பேப்பர் பத்திரமா இருக்கும். 2000ல ஃப்ளோரிடா 537 ஓட்டுல முடிஞ்சப்ப துளை போடற கார்டு சரியா கிழியாம வந்த குழப்பத்துல பாடம் கத்துக்கிட்டு மெஷினுக்கு போனாங்க, அதுல பேப்பர் இல்லாததால மறுபடி பேப்பருக்கே வந்துட்டாங்க. லூசியானா மாதிரி சில இடத்துல மட்டும் பழைய பேப்பர் இல்லாத மெஷின் நின்னுச்சு. 2020ல ஜார்ஜியால 50 லட்சம் பேலட்டை கையால மறுபடி எண்ண முடிஞ்சது பேப்பர் இருந்ததாலதான்.

திருச்சி வாசகி: 2021 ஜனவரி 6 மாதிரி மறுபடி நடக்க சட்டத்துல வழி இருக்கா?

ஒரு பெரிய ஓட்டையை அடைச்சிருக்காங்க அம்மா. அன்னிக்கு ட்ரம்ப் தோத்த 2020 ரிசல்ட்டை காங்கிரஸ் எண்ணிக்கிட்டு இருந்தப்ப அவரோட ஆதரவாளர்கள் கட்டடத்துக்குள்ள புகுந்துட்டாங்க. அப்ப இருந்தது 1887ல எழுதின சட்டம், ஒரு செனட்டரும் ஒரு பிரதிநிதிகள் சபை உறுப்பினரும் ஒரு மாநிலத்து ரிசல்ட் மேல ஆட்சேபணை எழுதிக் குடுத்தா போதும், ரெண்டு சபையும் பிரிஞ்சு போய் விவாதம் பண்ணணும். 2022 டிசம்பர்ல வந்த திருத்தத்துல, ரெண்டு சபைலயும் அஞ்சுல ஒரு பங்கு பேர் கையெழுத்து போடணும், அதாவது செனட்ல 20, சபைல 87. துணை ஜனாதிபதிக்கு அங்க எண்ணிக்கையை வாசிக்கறதை தவிர முடிவெடுக்கற அதிகாரம் எதுவும் இல்லைன்னு வெளிப்படையா எழுதிட்டாங்க. 2025 ஜனவரி 6ல கமலா ஹாரிஸ் தான் தோத்த ரிசல்ட்டை தானே வாசிச்சு முடிச்சாங்க, அரை மணி நேரத்துக்கு கொஞ்சம் கூட.

எனக்கு இப்ப கவலை மேல இல்ல, கீழ. ரிசல்ட்டை முதல்ல சான்றளிக்க வேண்டியது கவுன்ட்டி போர்டு, 2022ல நியூ மெக்சிகோல ஒடெரோ கவுன்ட்டியும் அரிசோனால கோச்சீஸ் கவுன்ட்டியும் கையெழுத்து போட மாட்டோம்னு நின்னாங்க. ஒரு ஆதாரமும் இல்ல, மெஷின் மேல சந்தேகம்னு மட்டும் சொன்னாங்க. ரெண்டு இடத்துலயும் கோர்ட் உத்தரவு போட்டு போட வெச்சாங்க, கோச்சீஸ்ல குற்ற வழக்கும் வந்து ஒருத்தர் குற்றத்தை ஒத்துக்கிட்டார்.

இதை விட கொடுமை ஊழியர்களுக்கு நடக்கறது. ஜார்ஜியால ரூபி ஃப்ரீமன், அவங்க மக ஷே மாஸ், ரெண்டு பேரும் அட்லாண்டால 2020ல ஓட்டு எண்ணின சாதாரண ஊழியர்கள். அவங்க மோசடி பண்ணினதா அப்ப ட்ரம்ப்போட வக்கீலா இருந்த ரூடி ஜூலியானி பரப்பின பொய்யால கொலை மிரட்டல் வந்து அந்த அம்மா வீட்டை விட்டே போக வேண்டியதாச்சு. 2023 டிசம்பர்ல ஜூரி 14.8 கோடி டாலர் நஷ்ட ஈடு குடுக்க சொன்னாங்க. ஆனா அந்த ஒரு கேஸ்ல நியாயம் கிடைச்சதால மத்த கவுன்ட்டி ஆபீஸ்ல பயம் போயிடலை, அனுபவசாலிங்க பல பேர் வேலையை விட்டுட்டாங்க, புதுசா வர்றவங்களுக்கு கத்துக்குடுக்க ஆள் இல்ல.

விருகம்பாக்கம் வாசகி: என் பையன் டல்லாஸ்ல கிரீன் கார்டுல இருக்கான். லைசென்ஸ் எடுக்கப் போனப்ப ஓட்டர் பதிவு வேணுமான்னு கேட்டாங்களாம். ஆமான்னு டிக் பண்ணினா ஒண்ணும் ஆகாதுல்ல?

ஆகும் அம்மா, தயவு செஞ்சு இன்னிக்கே பையன்கிட்ட சொல்லுங்க. 1993 சட்டப்படி லைசென்ஸ் ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் இதை கேப்பாங்க, அவர் குடிமகனான்னு கவுன்ட்டர்ல இருக்கறவர் சில சமயம் பாக்கறதே இல்ல. கிரீன் கார்டோ எச்1பியோ, எதுவா இருந்தாலும் வேண்டாம்னு தெளிவா சொல்லணும், கையெழுத்து போடற முன்னாடி ஸ்க்ரீனை முழுசா படிக்கணும். குடியுரிமைக்கு அப்ளை பண்ற N-400ங்கற ஃபாரம்ல, எப்பவாவது ஓட்டர் பதிவு பண்ணியிருக்கீங்களா, ஓட்டு போட்டிருக்கீங்களான்னு நேரா கேள்வி இருக்கு. தெரியாம டிக் ஆகியிருந்தா ஓட்டு மட்டும் போடவே கூடாது, கவுன்ட்டிக்கு எழுதி பேரை எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு இமிக்ரேஷன் வக்கீலை பாத்துடுங்க.

கும்பகோணம் வாசகர்: நான் அமெரிக்க குடிமகன், ரிட்டயர் ஆகி ஓசிஐ (இந்திய வம்சாவளியினருக்கான அட்டை)ல இங்கேயே வந்துட்டேன். இங்க இருந்து ஓட்டு போடலாமா?

போடலாம் சார், 1986 சட்டம் அந்த உரிமையை குடுத்திருக்கு. அமெரிக்கால கடைசியா எங்க இருந்தீங்களோ அந்த கவுன்ட்டிதான் உங்க கவுன்ட்டி. ஃபெடரல் போஸ்ட் கார்ட் அப்ளிகேஷன்னு ஒரே ஃபாரம்தான், பதிவுக்கும் பேலட் கேக்கறதுக்கும் அதுவே, ஒவ்வொரு வருஷமும் ஜனவரில புதுசா அனுப்பிடுங்க, பேலட் ஈமெயில்ல வேணும்னு டிக் பண்ணுங்க. ஃபெடரல் எலெக்ஷனுக்கு 45 நாள் முன்னாடி பேலட் உங்களுக்கு அனுப்பியே ஆகணும்னு 2009 சட்டம் சொல்லுது. திருப்பி அனுப்பறது சில மாநிலத்துல ஈமெயில்ல முடியும், சிலதுல தபால் மட்டும்தான், அதை கவுன்ட்டி வெப்சைட்ல பாத்துக்குங்க. எலெக்ஷன் நாளுக்கு அப்புறம் வந்து சேர்ற ஓட்டை எண்ணலாமாங்கற மிசிசிப்பி கேஸை சுப்ரீம் கோர்ட் 2025 நவம்பர்ல விசாரணைக்கு எடுத்துக்கிட்டாங்க, அதனால உங்க மாநிலத்துல கடைசி தேதி என்னவா இருந்தாலும் அதை நம்பி உக்காராதீங்க. செப்டம்பர் கடைசில பேலட் கைக்கு வந்ததும் அந்த வாரமே நிரப்பி, ட்ராக்கிங் இருக்கற கூரியர்ல போடுங்க, கவர் மேல கையெழுத்து நீங்க பதிவு பண்ணினப்ப போட்ட மாதிரியே இருக்கட்டும். அக்டோபர் நடு வரைக்கும் பேலட் வரலைன்னா காத்திருக்க வேண்டாம், ஃபெடரல் ரைட் இன் பேலட்னு ஒண்ணு இருக்கு, அதை டவுன்லோட் பண்ணி வேட்பாளர் பேரை எழுதி அனுப்பிடலாம், அப்புறம் ஒரிஜினல் வந்தா அதையும் அனுப்புங்க, கெடுவுக்குள்ள வந்தா ஒரிஜினலைத்தான் எண்ணுவாங்க.